அந்தச் சொல்லைச் சொல்லுகிற அக்கா

நான் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அடுத்து, "எத்தனை பாலிசி போட்டீங்க?" என்று கேட்பார்கள். ஒன்றுதான் போட்டேன். அதையும் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, புன்னகைத்து, "சார், உங்க குடும்பத்தோட நாளைய சிரிப்புக்கு என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கண்ணாடியில் இருந்தவர் தங்கமான மனிதர். மறு பேச்சுப் பேசவில்லை. ஆனால் தவணை கட்டும் தேதி வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. பாலிசி காலாவதியாகிப் போனபோது என் மனைவி, "எந்த ஏஜென்ட் போட்டான் இத? அவன வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நாலு கேள்வி கேக்கணும்" என்றாள். அந்த ஏஜென்ட் அப்போது அவள் எதிரில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

அதே வகுப்பில் என்னோடு படித்த ஓர் அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் எழுதப் போவதில்லை. மகள் வீட்டோடு எங்கோ வெளியூர் போய்விட்டதாகக் கேள்வி. பெயரைப் போட்டு எழுதினால், எங்கே இருந்தாலும் பஸ் ஏறி வந்து, "ஏலே, என்னப் பத்தி எதுக்கு இவ்வளவு பூசி மெழுகி எழுதியிருக்க?" என்று கேட்பார். பூசி மெழுகுவது அவருக்கு ஆகாது.

எனக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் டீ. அந்த வருடம் டீ ரொம்ப அதிகமாகிவிட்டது. பக்கத்தில் ஒரு வருமானம் இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, முத்தையாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். ஏஜென்ட் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் இத்தனை மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். உட்கார்ந்தான் என்று ட்ரெய்னர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் கம்ப்யூட்டரில் பரீட்சை. வகுப்பு நடந்தது வலை, கயிறு, மிதவை விற்கும் கடைக்கு மேலே ஒரு மாடியில். படியேறும்போதே புது நைலான் வாசம் மூக்கைப் பிடிக்கும்.

ட்ரெய்னர் மதுரைப் பக்கத்துப் பையன். நல்ல பையன். தூத்துக்குடி வெயிலில் டை கட்டிக்கொண்டு நிற்பான். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, "இந்தத் துறைக்கு ஏன் வந்தீங்க?" என்று கேட்டான். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், மக்கள் சேவை என்றார். மொபைல் கடைக்காரர், அவரும் சேவை. நானும் சேவை என்றேன். முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, சாயம் போன பூச்சேலை, கழுத்தில் ஒரு மாதா பதக்கம்.

"சேவையெல்லாம் இல்ல தம்பி. எனக்கு வேல வேணும். இறால் கம்பெனியில ஐஸ் தண்ணிக்குள்ள கையப் போட்டு உரிச்சு உரிச்சு இந்தா பாரு."

கையை நீட்டினார். விரல் நுனிகள் வெளுத்து, பிளந்து கிடந்தன.

"அச்சச்சோ, ஸ்கின் அலர்ஜியா மேடம்?"

"அலர்ஜி இல்ல தம்பி. அழுகிருச்சு. அதான் அந்த வேலய விட்டுட்டு இங்கன வந்திருக்கேன். திரும்பப் போக மாட்டேன்."

வகுப்பு கொஞ்ச நேரம் சேவையை மறந்துவிட்டு அவர் விரலையே பார்த்தது.

அவர் இயல்பு அதுதான். எதற்கு என்ன பெயரோ அதைத்தான் சொல்லுவார். டீ நேரத்தில் ஒருநாள் பேக்கரிக்கு மக்ரூன் வாங்கப் போனோம். கடைக்காரர், "கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், ருசி அப்படியே இருக்கு" என்று பொட்டலத்தைக் கட்டினார். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "தளரல அண்ணாச்சி. நமுத்துப் போச்சு. நமுத்ததுன்னு சொல்லிக் குடுங்க, வாங்கிக்கிடுதேன்" என்றார். வாங்கவும் செய்தார். பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால், "தர மனசில்லன்னு சொல்லுங்க தம்பி, பையி கிலுங்குதுல்லா" என்பார். நான் தலையைத் தடவியபடி, "முன்பக்கம் கொஞ்சம் ஏறிடுச்சுக்கா" என்று சொன்னபோது, "ஏறலலே, போயிருச்சு" என்றார். அன்றிலிருந்து நான் தலைமுடியைப் பக்கவாட்டிலிருந்து இழுத்துச் சீவுவதை விட்டுவிட்டேன். அந்த வகையில் அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

இப்படிப்பட்டவரை இன்சூரன்ஸ் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? அந்தத் தொழிலே ஒரு சொல்லைச் சொல்லாமல் நடத்துகிற தொழில்.

ட்ரெய்னர் தம்பி போர்டில் பெரிதாக எழுதிப் போட்டான், சொல்லக்கூடாத சொற்கள் என்று. சாவு, இறப்பு, மரணம், செத்தால். இவற்றுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை எதிர்ப்பக்கம். 'ஒருவேளை ஏதாவது ஒன்று என்றால்', 'நாம் இல்லாத ஒரு சூழ்நிலையில்'.

"வாடிக்கையாளர் மனசுல பூ விழணும் சார், இடி விழக்கூடாது" என்றான்.

அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, செத்தாத்தானே காசு குடுப்பீக?"

"ஆமா மேடம்."

"சூழ்நிலைக்குக் குடுக்க மாட்டீகளே?"

"மாட்டோம் மேடம்."

"அப்ப செத்தாத்தான்னு சொல்லுறதுல என்ன?"

வகுப்பே சிரித்தது. நான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பது என் வேலை. எங்கே சிரிக்கக்கூடாது என்று எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் தெரியும்.

ட்ரெய்னருக்கு ஒன்று தெரியாது. எங்கள் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பயம் அவன் புத்தகத்தில் இருப்பதை விடப் பெரியது. கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. எப்போது வருவாய் என்று மனைவியே கேட்க மாட்டாள். சோற்று வாளியை எடுத்துக் கையில் கொடுப்பாள், அவ்வளவுதான். கரையில் இருக்கும்வரை ஆண்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் வீட்டுக்குள் வராது. அப்படிப்பட்ட ஒரு தெருவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர் அக்கா. சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

வகுப்பின் கடைசி வாரம் களப்பயிற்சி. நிஜமான ஒரு வீட்டுக்கு ட்ரெய்னரைக் கூட்டிப்போய் நாம் பேசிக் காட்ட வேண்டும். அக்காவோடு ஜோடி போட்டது என்னை. ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகும் கடலுக்குப் போகாது, ஆள் வீட்டில் இருப்பார்கள் என்று, பூசை முடிந்த நேரம் பார்த்துத் திரேஸ்புரம் பக்கம் தனக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு படகு டிரைவர் வீட்டுக்கு அக்கா எங்களைக் கூட்டிப்போனார். வீட்டில் டிரைவர், அவர் அம்மா, அடுக்களையில் மிக்சி ஓட்டிக்கொண்டு அவர் மனைவி. எங்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

முதலில் ட்ரெய்னர் தொடங்கிவைத்தான். "சார், வாழ்க்கைங்கிறது ஒரு பயணம்…"

"ஆமா சார். டீசல்தான் வெல கூடிப்போச்சு" என்றார் டிரைவர்.

"இல்ல சார். அந்தப் பயணத்துல நாம இல்லாத ஒரு சூழ்நிலை வந்தா…"

"நான் இல்லாட்டா என்ன சார், மச்சான் இருக்கான். படக எடுத்துட்டுப் போயிருவான்."

நான் இடையில் புகுந்து ஒரு ஜோக் அடித்தேன். டிரைவர் சிரித்தார், அம்மா சிரித்தார், நானும் கலரைக் குடித்தபடி சிரித்தேன். பூவாகவே விழுந்துகொண்டிருந்தது.

அக்கா கலர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஏலே, அவரு கேக்குறது அது இல்ல. நீ கடல்ல செத்துப்போனா ஒன் பொண்டாட்டி என்ன செய்வான்னு கேக்காரு."

அடுக்களையில் மிக்சி நின்றது.

அம்மா எழுந்தார். ஜெபமாலை பிடித்த கையை அக்காவை நோக்கி நீட்டினார். "ஏளா! மாதா படத்துக்கு முன்னால நின்னு என்ன பேச்சு பேசுத? ஒன் மாப்பிள்ளய முழுங்குன வாயி, இப்ப எம் புள்ளய முழுங்க வந்துட்டியா? வாயக் கழுவு!"

அக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "முழுங்குனது கடலு, அத்தை. கடலப் பாத்து ஒருத்தரும் வாயக் கழுவச் சொல்ல மாட்டேங்கியளே."

அதற்குப் பதிலாக ஒரு குடம் தண்ணீர் வந்தது. பெரும்பகுதி ட்ரெய்னர் டையில் விழுந்தது. டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வீரன், முதல் ஆளாக வெளியே ஓடினேன். பாதித் தெரு வந்த பிறகுதான் செருப்பை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. ட்ரெய்னர் டையைப் பிழிந்தபடி ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். நானும் அக்காவும் நடந்தோம்.

"காலு சுடுதா?" என்று கேட்டார்.

"லேசா உறுத்துதுக்கா."

"சுடுதுன்னு சொல்லுலே."

"சுடுதுக்கா. கொப்புளிச்சிரும் போல."

"ஆங். இப்ப நெழல்ல நட."

அந்த நிழலில் நடக்கும்போதுதான் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அவர் கணவர் இன்னும் இரண்டு பேரோடு வல்லம் என்கிற நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். வல்லம் கிடைத்தது. இரண்டு பேர் உடலும் கிடைத்தது. அவர் மட்டும் கிடைக்கவில்லை.

"கிடைக்காததுனால ஒருத்தரும் சொல்லல பாத்துக்க. கொழுந்தன், தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பான்னான். மாமியா, சிலோன் செயில்ல இருக்கான்னா. பங்குச் சாமியார்ட்ட போயி செத்தவுக பூச வைக்கச் சொன்னேன், நம்பிக்கய விடாதம்மான்னாரு. அவரு பேருல ஒரு சின்ன பாலிசி இருந்துச்சு. அங்க போனா சாவு சர்டிபிகேட் கேட்டாக. சர்டிபிகேட் கேட்டா உடல் எங்கன்னாக. பொட்டு வைக்கவா, அழிக்கவா? ஏழு வருசம்லே. புள்ளய வச்சிக்கிட்டு ஏழு வருசம் இருக்கான் இருக்கான்னே சொல்லி என்னயக் கொன்னாக."

"அப்புறம்?"

"ஏழு வருசம் ஆனா கோர்ட்டுல சொல்லுவாகன்னு சொன்னாக. போனேன். அங்கயாவது சொல்லுவாகன்னு காத நீட்டிக்கிட்டு நின்னேன். வக்கீலு வந்து வாசிக்காரு, 'இறந்ததாகக் கருதப்படுகிறார்'னு." அக்கா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "கருதப்படுதாராம்! அங்கயும் அவுக வாயில வரலலே. வெளிய வந்து கோர்ட்டு மரத்தடியில நின்னு நானே சொன்னேன். 'செத்துட்டான், எம் மாப்பிள்ள செத்துட்டான்'னு சத்தமாச் சொன்னேன். அன்னைக்குத்தான் ஒழுங்கா அழுதேன்."

எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. காலும் சுட்டது.

திங்கட்கிழமை ட்ரெய்னர் புது டையோடு வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "மேடம், அந்த வீட்ல போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. அப்புறம் இங்க எல்லார் முன்னாலயும் சரியான வார்த்தையில ஒரு தடவை பேசிக் காட்டுங்க. இல்லன்னா உங்களுக்குப் பயிற்சி முடிச்சதா நான் கையெழுத்துப் போட முடியாது."

கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, லைசென்ஸ் இல்லை. அந்த விரல்களோடு மறுபடியும் ஐஸ் தண்ணீர்தான். வகுப்பு மொத்தமும் அவரைக் கெஞ்சியது. வாத்தியார், "அம்மா, ஒரு வரிதானே" என்றார். நானும் சொன்னேன். "சொல்லிட்டுப் போங்கக்கா. நாக்கு தேஞ்சா போயிரும்?"

"நாக்கு தேயாதுலே. அந்த ஏழு வருசத்துல எல்லாரும் அப்படித்தான் பூப்போலப் பேசினாக. தேஞ்சது நான்தான்." ட்ரெய்னரைப் பார்த்தார். "மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன் தம்பி. நான் பொய் சொல்லல. கையெழுத்து போடலன்னா போடாத."

"அப்ப நாளைலருந்து நீங்க வர வேண்டாம் மேடம்."

"வருவேன். கட்டுன காசுக்கு வகுப்பு இருக்குல்லா."

வந்தார். மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னாலேயே வந்து ஜன்னலோரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ட்ரெய்னர் அவர் பக்கம் திரும்பாமலே பாடம் நடத்தினான். அவர் விடாமல் கை தூக்கிக்கொண்டே இருந்தார். தூக்கிய கையைப் பார்க்காமல் பாடம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று அந்தப் பையன் முகத்தில் பார்த்தேன்.

அதற்கும் அடுத்த நாள், வகுப்பு நடுவில், படியேறி ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். டிரைவரின் மனைவி. கையில் ஒரு மஞ்சள் பை. என் செருப்பு. நான் அவசரமாக எழுந்து போய் வாங்கினேன். அவள் போகவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

"யக்கா."

அக்கா திரும்பினார்.

"வார ஞாயித்துக்கெழம திரும்ப வாங்கக்கா. அத்தைய நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிருதேன். அவரு மட்டும் இருப்பாரு."

"எதுக்குளா? தண்ணி ஊத்தவா?"

"இல்லக்கா. அன்னைக்கு ஆரம்பிச்சத முழுசாச் சொல்லி முடிங்க. நீங்க போனதுலருந்து அவரு சரியாத் தூங்கல. என்னயப் பாத்து, அந்த மனுசி கேட்டது சரிதானேன்னு கேக்காரு. எனக்கு வாயத் தொறக்க பயமா இருக்கு." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத நான் சொல்லக்கூடாதுக்கா. எந்த அம்மையும் பொண்டாட்டியும் சொல்லக்கூடாது. எங்க நாக்குல அது வந்துறக்கூடாது. நீங்க சொல்லலாம். ஒங்களுக்கு நடந்து முடிஞ்சிருச்சு."

யாராவது முகத்துக்கு நேராக இப்படிச் சொன்னால் நானாக இருந்தால் ஒடிந்துபோயிருப்பேன். அக்காவோ தலையை ஆட்டினார், கடையில் சரியான எடை போட்டவரைப் பார்த்து ஆட்டுவது போல.

"ஆமாளா. எனக்கு முடிஞ்சிருச்சு. இனி என் நாக்குக்கு என்ன பயம்?"

"இன்னும் ரெண்டு வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கேன். அவுகளும் கூப்பிடச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள்.

நான் செருப்பைக் காலில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன். அக்கா ட்ரெய்னர் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தப் பொண்ணு வீட்டுல போயி நான் என்ன சொல்லணும்? இல்லாத சூழ்நிலையா?"

ட்ரெய்னர் போர்டைப் பார்த்தான். அவன் எழுதிய பட்டியல் இன்னும் அழியாமல் இருந்தது. பிறகு கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். ஆனாலும் அவனுக்குள் இருந்த வாத்தியார் விடவில்லை. "சரி மேடம். ஆனா செத்துட்டாங்கிற வார்த்தைய ஒரு வீட்ல ஒரு தடவை மட்டும் சொல்லுங்க. அடிக்கடி வேண்டாம்."

"ஒரு தடவதானே தம்பி சாவான்" என்றார் அக்கா.

கையெழுத்து விழுந்தது. பரீட்சையும் பாஸானார். நானும் பாஸானேன், எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. கூப்பிடுவது எல்லாம் மனைவிமார். துணைக்கு என்று சில வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன். ஒரு சடங்கு போலவே இருக்கும். கலர் வரும். நலம் விசாரிப்பார்கள். அக்கா தொண்டையைச் செருமுவார். உடனே அந்த வீட்டுப் பெண் எழுந்து அடுக்களைக்குப் போய் மிக்சியைப் போடுவாள், அல்லது குழாயைத் திறந்துவிடுவாள். சொன்னதைத் தான் கேட்கவில்லை என்று ஆக வேண்டுமே. அந்தச் சத்தத்துக்குள் அக்கா ஒரே ஒரு தடவை அதைச் சொல்லுவார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். விளக்க மாட்டார், சமாதானம் சொல்ல மாட்டார், கலரை மெதுவாகக் குடித்துக்கொண்டிருப்பார். எதிரில் இருக்கிற ஆம்பிளை வியர்ப்பான். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டி வெளியே போகச் சொன்னார்கள். சிலர் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தப் பாலிசி ஃபாரத்தக் கொண்டா" என்றார்கள். மிக்சி நின்றுவிடும்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் அக்காவுக்கே பிடிக்காது. பாலிசி எடுத்த வீட்டிலும் ஞானஸ்நான விருந்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். விடியற்காலை படகு கிளம்பும் நேரத்தில் அவர் தெருவில் வந்தால் ஆட்கள் சந்துக்குள் ஒதுங்குவார்கள். எனக்கும்கூடச் சில நாள் அவர் முகத்தில் விழிக்கத் தயக்கமாக இருக்கும். கடலுக்கே போகாத எனக்கு! அவர் அதற்காக வழியை மாற்றிக்கொண்டவர் இல்லை. நடுத்தெருவில்தான் நடப்பார். ஒதுங்கி நின்ற ஒருவனைப் பார்த்து, "என் மூஞ்சியில முழிக்க பயமா இருந்தா பாலிசிய எடுத்துட்டு முழிலே" என்று சத்தம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அவர் முழங்கால் வலி என்று படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. நானும் லைசென்ஸ் வைத்திருக்கிறேனே, இன்றைக்கு நாம் போவோம் என்று தனியாகக் கிளம்பினேன். புதுச் சட்டை. கலர் வந்தது. அந்த வீட்டுக்காரி தயாராக அடுக்களையில் மிக்சியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பயணம் பற்றிப் பேசினேன், நாளைய சிரிப்பு பற்றிப் பேசினேன், இரண்டு ஜோக் சொன்னேன். அந்தச் சொல் கிட்டே வரும்போதெல்லாம் என் நாக்கு அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது. வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, என் முதுகில் தட்டிவிட்டு, தூங்கப் போய்விட்டார்.

அவள் மிக்சியின் மேலிருந்து கையை எடுத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

"நல்லாத்தான் பேசுதீக அண்ணாச்சி. ஆனா நீங்க பேசுறதக் கேட்டா இந்த ஊருல யாருமே சாவ மாட்டாக போல இருக்கு. அந்தக்காவையே வரச் சொல்லுங்க."